தலையை அசைத்தால் ஆழம் தெரியும்

சாதாரணத் திரையில் மலிவாக ஆழம் காட்டும் வித்தை பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

● கண்ணாடி கிடையாது, தலையில் மாட்டும் பெட்டியும் கிடையாது. வெறும் மானிட்டரில் எப்படி ஆழம் தெரியும்? – விருதுநகர்

ஜன்னல் பக்கம் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலையை மட்டும் மெதுவாக வலது பக்கம் ஒரு சாண் கொண்டுபோங்கள். கிட்டே இருக்கும் ஜன்னல் கம்பி சட்டென்று இடது பக்கம் ஓடும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கொஞ்சம்தான் நகரும். அதற்கும் பின்னால் நிற்கும் செல்போன் டவர் நகர்ந்ததாகவே தெரியாது. எது எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே எது எவ்வளவு தூரம் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. இரண்டாவது கண்ணின் தயவு தேவையில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

கம்ப்யூட்டரின் வேலை இதற்குப் பிறகு சுலபம். மானிட்டர் மேலே இருக்கும் கேமரா உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. அந்த இடத்திலிருந்து காட்சி எப்படித் தெரியுமோ அப்படி வரைகிறது. தலை நகர்ந்தால் உடனே மாற்றி வரைகிறது, நொடிக்கு முப்பது முறை, அறுபது முறை. திரை ஜன்னலாகிவிடுகிறது.

● ஹாலோகிராம் என்பது இதுதானா? – ஆற்காடு

இல்லை. ஹாலோகிராமில் பொருளிலிருந்து வரும் ஒளி அலையே பதிவாகிறது. எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவரவர் கோணம் அவரவருக்குக் கிடைக்கும். 1947-ல் டென்னிஸ் கபோர் கண்ட யோசனை அது. 1971-ல் நோபல் வாங்கித் தந்தது. நாம் பேசுவது தட்டைப் படம்தான். படம் உங்களைப் பின்தொடர்கிறது, அதுதான் விஷயம்.

● இதை முதலில் செய்தவர் யார்? – தஞ்சாவூர்

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. 1980-களிலேயே முயற்சிகள் உண்டு. 1992-ல் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டெஃபான்டி மூவரும் சுவர்களே திரையாக இருக்கும் ஓர் அறையைக் கட்டினார்கள். உள்ளே நிற்பவரின் தலையைப் பின்தொடர்ந்து சுவர்ப் படங்கள் மாறும். 'கேவ்' என்று பெயர். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களால்தான் வாங்க முடிந்தது.

மறுவருடம் கனடாவில் காலின் வேர், கெவின் ஆர்தர், கெலாக் பூத் மூவரும் மேஜை மேல் வைக்கிற ஒரே மானிட்டரில் இதைச் செய்து 'ஃபிஷ் டேங்க் வி.ஆர்.' என்று பெயரிட்டார்கள். அவர்கள் வைத்த பரீட்சை எனக்கு மிகவும் பிடித்தது. கிளைகள் பின்னிக்கிடக்கும் இரண்டு மரங்களைக் கோடுகளாகத் திரையில் காட்டி, குறியிட்ட இலை எந்த மரத்துடையது என்று கேட்டார்கள். அசையாத படத்தில் சுமார் 22 விழுக்காடு தப்பு. இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டியபோது தப்பு சுமார் 15 விழுக்காடு. தலையைப் பின்தொடர்ந்து படம் மாறியபோது, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டாமலே, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் 1.3.

இந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். ஆழம் காட்டுவதற்கு உலகம் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இரண்டாவது கண்ணின் பின்னால் பணத்தைக் கொட்டியிருக்கிறது. தலை அசைவு அதைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது, அதுவும் மலிவாக.

● மலிவாக என்கிறீர்கள். எவ்வளவு மலிவு? – பொள்ளாச்சி

2007 டிசம்பரில் அது 40 டாலர். பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜானி சுங் லீ ஒரு யூடியூப் வீடியோ போட்டார். நின்டெண்டோ கம்பெனியின் 'வீ' கேம் பெட்டியோடு வரும் ரிமோட்டைப் பிரித்து மேயாமல், அப்படியே டிவியின் அடியில் பார்ப்பவரை நோக்கி வைத்தார். அந்த ரிமோட்டின் மூக்கில் ஓர் அகச்சிவப்பு கேமரா உண்டு. நான்கு ஒளிப்புள்ளிகள் வரை, நொடிக்கு 100 முறை, எங்கே இருக்கின்றன என்று சொல்லும்.

பிறகு, வேலை செய்யும்போது போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றின் இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு எல்.இ.டி.களைப் பொருத்திக்கொண்டார். இரண்டு புள்ளிகள். அவை சேர்ந்து இடமோ வலமோ போனால் தலை போகிறது. ஒன்றுக்கொன்று விலகினால் தலை கிட்டே வருகிறது, நெருங்கினால் தள்ளிப் போகிறது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் தலை சாய்கிறது. வேண்டிய தகவல் அவ்வளவும் இரண்டே புள்ளியில் கிடைத்துவிட்டது. திரையில் மிதக்கிற வட்ட இலக்குகள் சில உள்ளே போயின, சில மூக்குக்கு நேராக வெளியே வந்து நின்றன. சாஃப்ட்வேரையும் இலவசமாகக் கொடுத்தார். 2008 தொடக்கத்தில் 'டெட்' கருத்தரங்க மேடையிலும் இதைப் பற்றிப் பேசினார். பின்னால் மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' கேமரா வேலையில் சேர்ந்தார்.

இன்றைக்கு அந்த 40 டாலரும் வேண்டாம். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற கேமரா போதும்.

● அந்த அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியுமா? – சிதம்பரம்

கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். டிவி ரிமோட்டை செல்போனின் செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து ஏதாவது பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ரிமோட்டின் முனை இளம் ஊதா நிறத்தில் மினுக்கும். 'வீ' பெட்டிக்கு டிவி மேலே வைக்கிற 'சென்சார் பார்' தொலைந்துபோனால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து விளையாடியவர்கள் உண்டு. அந்தப் பட்டையில் சென்சாரே கிடையாது, வெறும் எல்.இ.டி.கள்தான். சுடரிலும் அகச்சிவப்பு இருப்பதால் ரிமோட் ஏமாந்துவிடும்.

● எல்.இ.டி. இல்லாமல் வெறும் வெப்கேமுக்கு என் தலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? – திருச்சி பொறியியல் மாணவி

உங்கள் கருவிழியே அளவுகோல். கண்மணியைச் சுற்றியுள்ள அந்த நிற வளையத்தின் குறுக்களவு ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் 11.7 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம். ஆள் குட்டையோ நெட்டையோ, இதில் பெரிய வித்தியாசமில்லை. கேமராப் படத்தில் அது எத்தனை பிக்ஸல் அகலம் என்று எண்ணினால் தூரம் வந்துவிடும். கூகுளின் 'மீடியாபைப்' 2020-ல் இந்த உத்தியைத்தான் கையாண்டது. முகத்தில் 468 புள்ளிகளைக் குறித்துத் தரும் அதன் இன்னொரு சாஃப்ட்வேரும் இலவசம். சாதாரண செல்போனிலேயே ஓடுகிறது. எனக்கு இதில் உள்ள வியப்பு இன்னும் அடங்கவில்லை. 1993-ல் கனடாக்காரர்கள் தலையோடு இணைத்த இயந்திரக் கை செய்த வேலையைக் கருவிழி செய்கிறது.

● எனக்குப் பத்து வயதில் ஒரு கண் போய்விட்டது. 3டி படத்துக்கு வீட்டில் எல்லோரும் போவார்கள். எனக்கு அந்தக் கண்ணாடியால் ஒரு பயனும் இல்லை. இதிலும் எனக்கு ஒன்றும் தெரியாதுதானே? – நாகர்கோவில்

தெரியும். இரண்டு கண் உள்ளவர்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காரணம் சொல்கிறேன். இரண்டு கண்ணாலும் மானிட்டரைப் பார்ப்பவரின் மூளைக்கு இரண்டு சாட்சிகள். தலை அசைவு "உள்ளே ஆழம் இருக்கிறது" என்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து "இது தட்டைக் கண்ணாடி" என்கின்றன. இழுபறி. உங்களிடம் இரண்டாவது சாட்சி இல்லை, ஆகவே தகராறும் இல்லை. 1979-ல் பிரையன் ரோஜர்ஸ், மொரீன் கிரஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெறும் புள்ளிகள் இறைந்த ஒரு திரையை ஒற்றைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். தலை அசையாதபோது அது புள்ளிக் குப்பை. தலை அசைவுக்கு ஏற்பப் புள்ளிகள் நகர்ந்தபோது பார்த்தவர்களுக்கு மேடு பள்ளமாக ஒரு பரப்பு தெரிந்தது. வேறு எந்தத் துப்பும் அந்தப் படத்தில் இல்லை.

மாறுகண், சோம்பேறிக் கண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு கண்ணின் படத்தையும் மூளை சேர்க்காததால் 3டி சினிமாவில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அவர்களை விட்டுவிடாத ஒரு ஆழக்காட்சி உண்டென்றால் அது இதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பற்றி இத்தனை பக்கம் எழுதலாம்.

● யூடியூபில் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். அதே சாஃப்ட்வேரை என் லேப்டாப்பில் போட்டால் அவ்வளவு இல்லையே? – ஈரோடு

மேலே நாகர்கோவில் வாசகருக்குச் சொன்னதுதான். வீடியோ எடுத்த கேமராவுக்கு ஒரே கண். உங்களுக்கு இரண்டு. வீடியோவில் கேமரா இருக்கும் இடத்துக்குத்தான் காட்சி வரையப்படுகிறது. ஒற்றைக் கண்ணுக்கு அது அசல் ஆழம் மாதிரியே தோன்றும். லேப்டாப் முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், பாதிக் குறை போய்விடும். மீதிப் பாதி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போகும். தூரம் கூடக் கூட இரண்டு கண்களின் சாட்சி பலவீனமாகிவிடும்.

● என் பையன் சொந்தமாக ஒன்று செய்தான். தலையை ஆட்டினால் பொம்மை திரும்புகிறது. ஆனால் ஆழம் வரவில்லை. என்ன தப்பு? – சேலம்

பொம்மையைத் திருப்பியதுதான் தப்பு. பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

உங்கள் பையன் பொம்மையை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. நகர வேண்டியது பார்க்கும் கண். மானிட்டரின் நான்கு ஓரமும் ஜன்னல் சட்டம். கண்ணிலிருந்து அந்த நான்கு மூலைகளுக்கும் கோடு இழுத்தால் ஒரு கூம்பு கிடைக்கும். கண் நடுவில் இல்லாவிட்டால் கூம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அந்தக் கோணல் கூம்பு வழியாகத்தான் காட்சியை வரைய வேண்டும். வழக்கமான கேம் கேமரா நேரான கூம்பில்தான் வரையும். ராபர்ட் கூய்மா 2008-ல் இதற்கான கணக்கைச் சில பக்கங்களில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு. பையன் திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்காரட்டும். தலையை 10 செ.மீ. வலது பக்கம் நகர்த்தட்டும். திரைக்குப் பின்னால் 60 செ.மீ. ஆழத்தில் இருப்பதாக வைத்த பொருள் திரையில் 5 செ.மீ. வலது பக்கம் வர வேண்டும். திரைக்கு முன்னால் 20 செ.மீ. துருத்தி நிற்பதாக வைத்த பொருள் 5 செ.மீ. இடது பக்கம் போக வேண்டும். மிக மிகத் தொலைவில் உள்ள மலை 10 செ.மீ.யும் அவனோடு வர வேண்டும். திரைப் பரப்பிலேயே ஒட்டியிருக்கும் பொருள் ஒரு மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது. ஸ்கேலை வைத்து அளக்கலாம். கடைசிப் பரீட்சையில்தான் பெரும்பாலும் தோற்பார்கள்.

● நானும் செய்தேன். கணக்கெல்லாம் சரி. ஆனால் படம் நடுங்குகிறது. நடுக்கத்தைக் குறைத்தால் படம் பின்தங்குகிறது. – கோவை

இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. சாதாரண வெப்கேம் நொடிக்கு 30 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கே 33 மில்லி விநாடி போய்விடுகிறது. முகம் தேட, வரைய, மானிட்டர் காட்ட என்று சேர்ந்து 100 மில்லி விநாடியைச் சுலபமாகத் தொடும். நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் தலையை நகர்த்தினால் அதற்குள் தலை 3 செ.மீ. போயிருக்கும். ஜன்னல் பொய் என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் அறையில் விளக்கைப் போடுங்கள். இருட்டில் வெப்கேம் தானாகவே ஃப்ரேமைக் குறைத்துவிடும். நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் வெப்கேம் கிடைத்தால் மாற்றுங்கள். 'ஒன் யூரோ ஃபில்டர்' என்று 2012-ல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட சின்ன நிரல் இருக்கிறது, அதைப் போடுங்கள். தலை சும்மா இருக்கும்போது நடுக்கத்தை அழுத்தும். வேகமாக நகர்ந்தால் பிடியை விட்டுவிடும். நடுக்கம் சும்மா இருக்கும்போதுதான் கண்ணில் படும், பின்தங்கல் நகரும்போதுதான் தெரியும் என்ற கூர்மையான கவனிப்பின் மேல் கட்டியது அது. சில வரிகளில் முடிகிற கணக்கு.

● எங்கள் வீட்டு சாமி படம், எந்த மூலையில் நின்றாலும் என்னையே பார்க்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? – காரைக்குடி

அருமையான கேள்வி. நேர் எதிரான தொடர்பு. நேராகப் பார்க்கும்படி வரைந்த முகம் எந்தப் பக்கம் போனாலும் மாறுவதில்லை. நிஜ முகமாக இருந்தால் நீங்கள் ஓரமாகப் போகப் போகக் காது தெரியும், கன்னம் தெரியும், பார்வை உங்களைத் தாண்டிப் போகும். படத்தில் அது நடக்காததால் பார்வை உங்களை விடுவதே இல்லை. தலையைப் பின்தொடரும் திரையில் அதே முகத்தைப் போட்டால் ஓரமாக நகர்ந்ததும் உங்களை விட்டுவிடும். காதும் கன்னமும் தெரியும். வீட்டில் சாமி விடாமல் பார்ப்பதே நல்லது. அதை மாற்ற வேண்டாம்.

● அமேசான் கம்பெனியே இதை போனில் விட்டதாமே? ஏன் காணாமல் போனது? – மதுரை

'ஃபயர் போன்'. 2014 ஜூனில் ஜெஃப் பெசோஸ் சியாட்டிலில் மேடையேறி அறிமுகப்படுத்தினார். முன்பக்கத்தின் நான்கு மூலையிலும் நான்கு கேமரா, இருட்டிலும் முகம் தெரிய அகச்சிவப்பு விளக்கு. எந்த இரண்டு கேமராவைக் கை மறைத்தாலும் மற்ற இரண்டு தலையைக் கண்டுபிடித்துவிடும். பொறியியல் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு வந்தது செப்டம்பரிலேயே 99 சென்ட்டுக்கு இறங்கியது. அந்தக் காலாண்டில் பெரும்பாலும் இந்த போனை முன்னிட்டு 17 கோடி டாலரை அமேசான் நஷ்டத்தில் எழுதியது. மறுவருடம் விற்பனையே நின்றது.

என் தீர்ப்பு: இடம் தப்பு, பொருள் தப்பில்லை. போன் கையில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் கையைத் திருப்பினால் போதும், தலையை ஏன் ஆட்ட வேண்டும்? திரை சிறியது, ஜன்னலாக நினைக்கவே இடமில்லை. அந்த ஆழத்தில் பார்ப்பதற்கு உருப்படியாக எதையும் வைக்கவும் இல்லை. அசையும் வால்பேப்பரும் சில மெனுக்களும்தான். மேஜை மேல் அசையாமல் நிற்கும் பெரிய திரையில், துருவிப் பார்க்க வேண்டிய ஒரு பொருளை வைத்தால்தான் இந்த வித்தைக்கு வேலை.

● என் ஐபோனிலும் வால்பேப்பர் அசைகிறதே? – சென்னை

2013-ல் ஐ.ஓ.எஸ். 7-ல் வந்த வசதி. அது போன் சாய்வதைப் பார்க்கிறது. உங்கள் தலையைப் பார்ப்பதில்லை. ஐபோன் எக்ஸ் வந்தபின் ஸ்வீடன்காரர் பெடர் நோர்பி 2018-ல் அதன் முகக் கேமராவை வைத்துச் செய்து காட்டியதுதான் அசல். போனுக்குள் பெட்டி பெட்டியாகப் பள்ளம் விழும். ஒற்றைக் கண்ணுக்குத்தான் சரியாக வரும் என்று அவரே ஒளிக்காமல் சொன்னார்.

● டோக்கியோவில் கட்டடத்து உச்சியில் பெரிய பூனை எட்டிப் பார்க்கிறதே, அதுவும் இதுவா? – பெரியகுளம்

இல்லை. 2021-ல் ஷின்ஜுகு ஸ்டேஷன் எதிரே வந்த அந்தப் பூனைக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது. தெருவில் குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து பார்த்தால் சரியாக வரும்படி வரைந்தது; வளைந்த திரையும் கைகொடுக்கிறது. பத்தடி பக்கத்தில் போனால் கோணிப் போகத் தொடங்கும்.

● 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' கண்ணாடி போட்டுப் பார்த்தோம். ஐஸ்கிரீம் கையருகே வந்தது. அந்தச் சுகம் இதில் உண்டா? – பாளையங்கோட்டை

அது வேறு சுகம். அந்தக் கண்ணாடி இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் பிரித்துத் தந்தது. கையை நீட்டாத குழந்தை அன்று தியேட்டரில் இல்லை. ஆனால் இருக்கையில் இடமும் வலமும் தலையை ஆட்டிப் பார்த்திருந்தால் ஒன்று கவனித்திருப்பீர்கள்: நீட்டிய பொருளும் உங்கள் கூடவே சாய்ந்து வந்திருக்கும். அதன் பக்கவாட்டைப் பார்க்க முடிந்திருக்காது. தலையைப் பின்தொடரும் திரையில் பக்கவாட்டையும் பார்க்கலாம், குனிந்து அடியில் என்ன என்றும் பார்க்கலாம்.

● ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம்? – தூத்துக்குடி

ஒருவர். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்சி கோணிக்கொண்டு, காரணமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். 1997-ல் ஸ்டான்ஃபோர்டில் இருவருக்குச் செய்து காட்டினார்கள். ஆளுக்கு இரண்டு கண், நான்கு படத்தை மாற்றி மாற்றிக் காட்டி, திறந்து மூடும் கண்ணாடி மாட்டி. மலிவுக்கும் அதற்கும் வெகுதூரம்.

● விலங்குகளுக்கு இந்தக் கணக்கு தெரியுமா? – ஏற்காடு பள்ளி மாணவன்

தெரியும் தம்பி. ஆந்தை தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டி இரையின் தூரத்தை அளக்கும். வெட்டுக்கிளி தாவுவதற்கு முன் உடம்பை இடவலமாக ஆட்டும், நீயே செடிப்பக்கம் பார்க்கலாம். அது ஆடும்போது ஆய்வாளர்கள் எதிரே இருந்த இலக்கை ரகசியமாக நகர்த்திப் பார்த்தார்கள். பூச்சி தூரத்தைத் தப்பாகக் கணித்துத் தாவியது. இந்தத் திரை உன்னிடம் செய்வது அதே காரியம்தான்.

● தலைவலி, வாந்தி வருமா? – வேலூர்

3டி சினிமாவில் கண்கள் திரையில் ஃபோகஸ் செய்தபடி, வேறு தூரத்தை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. சிலருக்குத் தலைவலி அதனால்தான். இங்கே இரண்டு கண்ணுக்கும் ஒரே படம், அந்தச் சண்டை இல்லை. படம் பின்தங்கினால் மட்டும் சிலருக்குக் கிறுகிறுக்கும், அப்போது எழுந்துவிடுங்கள்.

● கேமரா எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்குமா? பயமாக இருக்கிறது. – அம்பத்தூர்

நியாயமான பயம். இந்த வேலைக்குத் தேவை மூன்றே எண்கள்: கண் எவ்வளவு இடவலம், எவ்வளவு மேல்கீழ், எவ்வளவு தூரம். உங்கள் முகப்படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போக எந்த அவசியமும் இல்லை. சாஃப்ட்வேர் திறந்தபின் வைஃபையை அணைத்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால் நல்லது. நெட் இல்லாமல் ஓடாது என்று அடம்பிடித்தால் அழித்துவிடுங்கள்.

● சினிமாக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்களா? – வடபழனி

2019-ல் வந்த 'தி மாண்டலோரியன்' தொடரில் பாலைவனம், விண்வெளித் துறைமுகம் எல்லாம் பெரும்பாலும் வளைந்த எல்.இ.டி. சுவரில் ஓடிய காட்சி. கேமரா நகர நகர, கேமரா இருக்கும் இடத்துக்கு ஏற்பச் சுவர்ப்படம் மாறும். இங்கே தலைக்குப் பதில் கேமரா. கேமராவுக்கு ஒற்றைக் கண் என்பதால் ஏமாற்று முழுமையாகப் பலிக்கிறது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவருக்குச் சுவர் கோணலாகத்தான் தெரிந்திருக்கும்.

● சாம்சங்கில் கண்ணாடி இல்லாத 3டி மானிட்டர் வந்திருக்கிறது. வாங்கலாமா? – ஓசூர்

27 அங்குல 'ஒடிஸி 3டி', 2025-ல் 2,000 டாலருக்கு வந்தது. கண்ணைப் பின்தொடர்ந்து, மேலே உள்ள நுண்ணிய லென்ஸ் வரிகள் வழியாக இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் அனுப்பும். 2020-ல் சோனி 15.6 அங்குலத்தில் சுமார் 5,000 டாலருக்கு விட்டது. கூகுளின் 'பீம்' தொழில்நுட்பத்தில் எச்.பி. செய்த வீடியோ பேச்சுக் கருவி 24,999 டாலர். எல்லாமே நன்றாக இருக்கும். வடிவமைப்பு, அறுவை சிகிச்சைத் திட்டம் என்று தொழிலே அதில் இருந்தால் வாங்குங்கள். வேடிக்கைக்கு என்றால் வேண்டாம். முதலில் வெப்கேமில் போட்டுப் பாருங்கள். ஆழத்தில் பெரும்பங்கு தலை அசைவிலேயே கிடைத்துவிடும்.

● விளையாட்டுப் பெட்டிகளில் வந்ததா? – திண்டுக்கல்

வந்தது. நின்டெண்டோ 2010-ல் ஜப்பானில் டி.எஸ்.ஐ. பெட்டிக்கு, தலையை அசைத்து ஒளிந்திருக்கும் படத்தைக் கண்டுபிடிக்கும் கேம் ஒன்றை விட்டது. கண்ணாடி இல்லாத 3டியோடு 2011-ல் வந்த 3டி.எஸ். பெட்டியில் தலை கொஞ்சம் நகர்ந்தாலே படம் இரட்டையாகத் தெரியும். 2014-ல் வந்த 'நியூ 3டி.எஸ்.' முகத்தைப் பின்தொடர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

● நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். மூலக்கூறுகளின் வடிவத்தைக் கரும்பலகையில் காட்டவே முடியவில்லை. இது உதவுமா? – அறந்தாங்கி ஆசிரியை

இந்தக் கடிதத்துக்காகவே இந்த இதழை ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை, இடக்கை மூலக்கூறுகள் இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தட்டைப் படத்தில் பார்த்து நம்புவது கஷ்டம். பின்னிய கிளைகளில் எது எதோடு சேர்ந்தது என்று கேட்ட அந்தக் கனடாப் பரீட்சை உங்கள் வகுப்புக்காகவே வைத்தது போல இருக்கிறது: அணுக்களும் பிணைப்புகளும் அப்படித்தானே பின்னிக் கிடக்கின்றன?

வேண்டியது வெப்கேம் உள்ள ஒரு லேப்டாப், இலவச சாஃப்ட்வேர். மென்பொருள் எழுதத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். பிரவுசரிலேயே, காட்சியை வரைய 'த்ரீ.ஜேஎஸ்', முகத்தைத் தேட 'மீடியாபைப்' இரண்டையும் இணைத்து எழுதிவிடலாம். கோணல் கூம்பை மறக்க வேண்டாமென்று சேலத்துக்காரருக்குச் சொன்னதை அவரிடம் காட்டுங்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. ஆய்வகத்தில் ஓரமாக வைத்து, ஒவ்வொருவராக வந்து பார்க்க விடுங்கள். முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி நாற்காலியைப் போடுங்கள். மாணவர் திரையிலிருந்து ஒரு கை நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி உட்காரட்டும். முதல் முறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், ஆழம் பிடிபட்டபின் இரண்டு கண்ணையும் திறக்கட்டும்.

செய்து முடித்ததும் எழுதுங்கள். மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.